கொடையும் கடமையும்

உரைநடைப் பகுதி

நுழையும் முன்

பெற்றோரின் பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழ்பவர்கள் நீங்கள். புதிய ஊருக்குச் சென்றதும் பெரியவர்கள் முதலில் விசாரிப்பவை எவை? பள்ளி எங்கே, கடை எங்கே, மருத்துவமனை எங்கே என்பவையே. ஓர் ஊரில் மருத்துவமனை இருக்கிறது என்பது அங்கு வாழ்வோர்க்குப் பெரும் துணிவைத் தருகிறது. ஆனால், கட்டடம் எழுந்துவிட்டால் மட்டும் மருத்துவமனை உருவாகிவிடுமா? மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரத்தில் நிற்கும் ஒரு மருத்துவமனையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. அதனை இப்பாடத்தில் காண்போம்.

கடலோர நகரம்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி அமைந்துள்ள நாடு லைபீரியா. சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய மூன்று நாடுகள் அதன் எல்லைகளில் உள்ளன. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுள் ஒரு பகுதியினர் 1820களில் இக்கடற்கரையில் குடியேறத் தொடங்கினர். 1847ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் லைபீரியா தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவின் பெயரால் தலைநகருக்கு மான்ரோவியா என்று பெயர் வழங்கலாயிற்று. உலகின் தலைநகரங்களுள் மிகுந்த மழை பெறும் நகரங்களில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் இங்கு மழை பொழிகிறது.

இந்நகரின் சிங்கோர் என்னும் பகுதியில் அமைந்துள்ளது ஜான் எஃப். கென்னடி மருத்துவ மையம். மக்கள் இதனைச் சுருக்கமாக 'ஜே.எஃப்.கே.' என்றே அழைக்கின்றனர். நாட்டின் பிற மருத்துவமனைகளில் குணப்படுத்த இயலாத நோயாளிகள் இறுதியாக அனுப்பப்படும் இடம் இதுவே.

கொடையாக வந்த மருத்துவமனை

லைபீரியாவை 1944 முதல் 1971 வரை ஆண்டவர் வில்லியம் டப்மன். அவர் 1961ஆம் ஆண்டு வாஷிங்டன் சென்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் எஃப். கென்னடியைச் சந்தித்தார். அதே ஆண்டில்தான் பிற நாடுகளுக்கு உதவி வழங்குவதற்கென்று 'யூஎஸ்எய்ட்' என்னும் அமைப்பைக் கென்னடி தோற்றுவித்தார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க உதவியால் எழுந்து, 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இம்மருத்துவமனை, மறைந்த அத்தலைவரின் பெயரைத் தாங்கியது.

பின்னர் ஜப்பானும் உதவிக்கரம் நீட்டியது. அதன் பயனாக அதே வளாகத்தில் 'லைபீரிய – ஜப்பானிய நட்புறவு மகப்பேறு மருத்துவமனை' அமைந்தது. மனநல மருத்துவமனையும், டப்மனின் பெயர் தாங்கிய செவிலியர் பயிற்சி நிறுவனமும் இம்மையத்தைச் சார்ந்தவை. நோயாளிகளைக் காத்தல், செவிலியரை உருவாக்குதல் ஆகிய இரு பணிகளும் இங்கு ஒருசேர நடைபெற்றன.

கட்டடம் வேறு, மருத்துவமனை வேறு

மாணவர்களே! யானையைக் கட்டித் தீனி போடுவது என்னும் வழக்கினை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யானையை ஒருவர் இலவசமாகவே தரலாம். ஆனால், அதற்கு நாள்தோறும் தீனி போட வேண்டியவர் அதனைப் பெற்றவரே அல்லவா? பெரிய மருத்துவமனையும் அத்தகையதே.

கட்டடம் கட்டுதல், கருவிகள் வாங்குதல் ஆகியவை ஒருமுறைச் செலவுகள். இவற்றைக் கொடையாளர் விரும்பி ஏற்கின்றனர். திறப்பு விழா நடைபெறும், பெயர்ப்பலகை பதிக்கப்படும். ஆனால், செவிலியரின் ஊதியம், கையுறை, நூல், ஊசி, சோப்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவை தொடர்செலவுகள். இவற்றுக்கு விழா எடுப்பார் எவரும் இலர். எனினும், இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவமனை முடங்கிவிடும்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். அறுவை அரங்கின் விளக்கு, குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் வெப்பப்பெட்டி, இரத்தத்தையும் தடுப்பூசி மருந்துகளையும் கெடாமல் காக்கும் குளிர்பதனப் பெட்டி, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் நீராவிக் கலன் ஆகிய அனைத்தும் மின்சாரத்தை நம்பியே இயங்குகின்றன. மான்ரோவியாவுக்கு மின்சாரம் வழங்கிவந்தது செயின்ட் பால் ஆற்றின் மீது 1960களில் அமைக்கப்பட்ட மவுண்ட் காபி நீர்மின் நிலையம். உள்நாட்டுப் போரின்போது 1990ஆம் ஆண்டு அது செயலிழந்தது. மீண்டும் அது மின்சாரம் தந்தது 2016ஆம் ஆண்டு டிசம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரின் வாழ்வு பெரிதும் டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்தது. டீசல் விலை உயர்ந்தால், மருந்துக்கு ஒதுக்கிய பணம் எரிபொருளுக்குச் செல்லும் நிலை இத்தகைய இடங்களில் உண்டாகும்.

கருவிகளுக்கும் இதுபோன்ற இடர்கள் உண்டு. நம் நாட்டு வீடுகளில் பாயும் மின்னழுத்தம் 230 வோல்ட். அமெரிக்காவிலோ 120 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். பல நாடுகளிலிருந்து நன்கொடையாக வரும் கருவிகள் ஒரே மருத்துவமனையில் சேரும்போது, ஒன்றுக்குப் பொருந்தும் மின்னிணைப்பு மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. பழுதானால் உதிரிபாகம் கடல்கடந்து வரவேண்டும். இயக்கும் முறையைக் கூறும் கையேடு தெரியாத மொழியில் இருக்கும். பழுது நீக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையெனில், விலையுயர்ந்த கருவியும் மூலையில் துணி போர்த்திக் கிடக்கும்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது நம் பழமொழி. கொடுத்தவர் மனம் நோகலாகாது என்னும் பண்பு அதில் உள்ளது. ஆனால், உயிர்காக்கும் கருவியைப் பெறுவோர் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். 'இதனை இயக்குவோர் யார்? பழுதானால் சரிசெய்வோர் யார்? ஆண்டுதோறும் ஆகும் செலவு எவ்வளவு?' என்று கேட்பது நன்றியின்மை ஆகாது, அது பொறுப்பு.

போர்க்காலம்

1980ஆம் ஆண்டு லைபீரியாவில் இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 1989ஆம் ஆண்டு டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டது. இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்தபோதிலும் 2003 வரை அது நாட்டை வாட்டியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் உயிரிழந்தனர் என மதிப்பிடப்படுகிறது. மருத்துவர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர்.

2003ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மான்ரோவியா நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. அக்காலத்தில் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறுவை மருத்துவக் குழுவினர் கென்னடி மருத்துவமனையில் லைபீரியச் செவிலியருடன் இணைந்து, காயமுற்றோருக்கு அறுவை மருத்துவம் செய்தனர். நகரெங்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதும் பணியைக் கைவிடாது நின்றவர்களை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆயினும், நீண்ட போர் மருத்துவமனையின் நற்பெயரைச் சிதைத்தது. மருந்தும் ஆளும் இல்லாத நிலையில் நோயாளிகள் பலர் இறந்தனர். 'ஜே.எஃப்.கே.' என்னும் மூன்று எழுத்துகளுக்கு 'ஜஸ்ட் ஃபார் கில்லிங்' என்று மக்கள் விரிவு கூறலாயினர். 'கொல்வதற்கு மட்டுமே' என்பது அதன் பொருள். உயிர்காக்க எழுந்த இடத்திற்கு இப்படியொரு பெயர் வாய்த்தது. இடிந்த சுவரைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். இழந்த நம்பிக்கையை எழுப்புவதற்கோ நெடுங்காலம் ஆகும்.

2003 ஆகஸ்டில் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று. 2006ஆம் ஆண்டு எலன் ஜான்சன் சர்லீஃப் நாட்டின் தலைவராகப் பொறுப்பேற்றார். ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் தலைவர் இவரே. 2011ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் இவரும் ஒருவர்.

தெரிந்து தெளிவோம்

ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப் பணிக்காக 2007ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஒரு காவல் பிரிவு லைபீரியா சென்றது. மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தனர். ஐ.நா. அவையின் வரலாற்றில், முழுவதும் பெண்களால் அமைந்த முதல் காவல் பிரிவு இதுவே. அடுத்தடுத்து மாறிச்சென்ற இப்பிரிவினர் 2016 வரை அங்குப் பணியாற்றினர். வீட்டை விட்டு நெடுந்தொலைவு சென்று பணியாற்றும் பெற்றோரைக் கொண்ட பிள்ளைகளுக்கு இவர்களின் வாழ்வு எளிதில் விளங்கும்.

தொடுதலால் பரவிய நோய்

2013ஆம் ஆண்டின் இறுதியில் கினி நாட்டின் சிற்றூர் ஒன்றில் எபோலா என்னும் கொடுநோய் தோன்றியது. 2014 மார்ச்சில் அது லைபீரியாவுக்குள் நுழைந்தது. அப்போது 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 50 மருத்துவர்களே நாட்டில் இருந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. அதாவது, 80,000 பேருக்கு ஒருவர் கூட இல்லை!

எபோலா காற்றில் பரவுவதன்று. நோயுற்றோரின் இரத்தம், வியர்வை, வாந்தி போன்ற உடல்நீர்மங்களைத் தொடுவோர்க்கு அது தொற்றுகிறது. எனவே, நோயாளியை அன்போடு தொட்டுப் பேணுவோரே முதலில் பலியாயினர். தாய், மகள், செவிலியர், மருத்துவர், இறந்தோரை நீராட்டி அடக்கம் செய்தோர் ஆகியோரை அது வரிசையாகப் பற்றியது. தொடக்கத்தில் காய்ச்சல், தலைவலி, சோர்வு ஆகியவையே தோன்றும். மலேரியாவுக்கும் இவையே அறிகுறிகள். மலேரியா மலிந்த நாட்டில், காய்ச்சலோடு வருபவர் எந்நோய் கொண்டு வந்தார் என்று பார்த்தவுடன் அறிவது எங்ஙனம்?

கென்னடி மருத்துவமனையின் மூத்த மருத்துவர் சாமுவேல் பிரிஸ்பேன் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துவந்தவர். அவரே எபோலாவுக்கு ஆளாகி, 2014 ஜூலை இறுதியில் உயிர்நீத்தார். அடுத்த மாதம், அதே மருத்துவமனையின் மருத்துவர் ஆபிரகாம் போர்போரும் மறைந்தார். சோதனை நிலையில் இருந்த அரிய மருந்து அளிக்கப்பட்டும் அவரைக் காக்க இயலவில்லை. லைபீரியாவில் அந்நோயால் இறந்த மருத்துவப் பணியாளர் ஏறத்தாழ 190 பேர்.

அச்சம் எங்கும் பரவியது. மான்ரோவியாவின் பெரிய மருத்துவமனைகள் சிலகாலம் கதவடைத்தன. எபோலா தாக்காதவர்களும் அதனால் அல்லலுற்றனர். மகப்பேற்று வலியோடு வந்த பெண்களுக்கும், மலேரியாக் காய்ச்சலில் துவண்ட குழந்தைகளுக்கும் செல்ல இடமில்லாமல் போயிற்று. மருத்துவமனை மூடப்பட்டால் என்ன நேரும் என்பதை அந்நகரம் அன்று கண்கூடாகக் கண்டது.

மருத்துவமனையில் தேவைப்பட்டவை என்ன? கையுறை, முகக்கவசம், குளோரின் கலந்த நீர், ஐயத்திற்குரிய நோயாளியைத் தனியே வைக்க ஓர் அறை, இவற்றைப் பயன்படுத்தும் பயிற்சி ஆகியவையே. பல கோடி செலவில் எழுந்த கட்டடங்கள் இருந்தும், சிறிய கையுறை இல்லாமையால் உயிர்கள் போயின. முன்னர்க் கூறிய தொடர்செலவின் அருமை இப்போது உங்களுக்கு நன்கு விளங்கும்.

மீண்டெழுதல்

நோயைத் தடுத்ததில் லைபீரிய மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. வீடுகளின் வாயிலில் குளோரின் நீர் வாளிகளை வைத்துக் கைகழுவினர், கைகுலுக்குவதைத் தவிர்த்தனர், நோயுற்றோருடன் பழகியவர்களை இளைஞர்கள் வீடு வீடாகத் தேடிச் சென்று 21 நாள்கள் கண்காணித்தனர். பல நாடுகளும் உதவின. 2015 மே 9ஆம் நாள் லைபீரியா எபோலா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. பின்னரும் ஓரிரு முறை தலைகாட்டிய நோய் 2016இல் முற்றிலும் ஒடுக்கப்பட்டது. லைபீரியாவில் மட்டும் 4,800க்கும் மேற்பட்டோர் அதற்குள் மாண்டிருந்தனர்.

பிழைத்தோருள் பலருக்குக் கண்நோயும் மூட்டுவலியும் தொடர்ந்தன. அவர்களின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் கண்காணிக்கும் ஆய்வு 2015இல் கென்னடி மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அமெரிக்க அறிஞர்களும் லைபீரிய அறிஞர்களும் அதில் இணைந்தனர். எபோலாவுக்குப் பிந்தைய நோய்கள் குறித்து உலக மருத்துவர்கள் இன்று அறிந்திருப்பவற்றுள் ஒரு பகுதி இம்மருத்துவமனை தந்ததே. உதவி பெற்ற இடம் உலகுக்கு அறிவை வழங்கும் இடமாகவும் ஆயிற்று.

எபோலாவை எதிர்த்துப் போராடிய லைபீரிய மருத்துவருள் ஒருவர் ஜெரி பிரவுன். 2014இல் 'டைம்' இதழ் அவ்வாண்டின் சிறந்த மனிதர்களாக எபோலாப் போராளிகளைத் தேர்ந்தபோது, அட்டையில் இடம்பெற்றவர்களுள் இவரும் ஒருவர். 2018இல் இவரே கென்னடி மருத்துவ மையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

கொடுப்போரும் பெறுவோரும்

பிற நாட்டு உதவியால் மருத்துவ நிலையம் அமைப்பது லைபீரியாவுக்கு மட்டும் உரியதன்று. புதுதில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தை நீங்கள் அறிவீர்கள். கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்து அளித்த நிதி அதன் தொடக்கத்திற்குத் துணைநின்றது. 1952இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1956இல் அது நிறுவப்பட்டது. அன்றைய நலவாழ்வு அமைச்சர் அம்ரித் கௌர் அதற்காக அயராது உழைத்தார். பின்னர் அதனை நடத்தும் பொறுப்பை நம் நாடே ஏற்றது. ஆசிரியரை உருவாக்குதல், ஆண்டுதோறும் நிதி ஒதுக்குதல் ஆகியவை தடையின்றித் தொடர்ந்தன. அமைதியும் தொடர்ந்த ஆட்சியும் நமக்கு வாய்த்தன. லைபீரியாவுக்கோ போர் வாய்த்தது. எனவே, ஒருவரை உயர்த்தியும் மற்றவரைத் தாழ்த்தியும் பேசுதல் முறையன்று.

உதவி நிலையானதும் அன்று. கென்னடி தோற்றுவித்த யூஎஸ்எய்ட் அமைப்பு 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு தன் உதவிப் பணிகளை முடித்துக்கொண்டது. கொடுப்பவர் என்றேனும் கையை மடக்கக்கூடும். அன்றும் மருத்துவமனையின் விளக்கு எரிய வேண்டுமெனில், அதனை ஏற்றும் திறன் உள்ளூரில் வளர்ந்திருக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர், பழுது நீக்கும் தொழில்நுட்பர், நேர்மையான நிதி நிர்வாகம், மக்களின் நம்பிக்கை ஆகியவையே அத்திறன்.

கட்டடத்தைப் பிறர் தரலாம். காக்கும் கடமையைப் பிறர் தர இயலாது. கொடையைப் பெறுதல் ஒருநாள் நிகழ்வு. அதனைப் போற்றிக் காத்தல் ஒவ்வொரு நாளின் பணி. சிங்கோரில் இன்றும் இரவுப்பணிக்கு வரும் செவிலியர் அக்கடமையையே ஆற்றிவருகின்றார்.

சொல்லும் பொருளும்

அடிமைத்தளை – அடிமை வாழ்வு என்னும் விலங்கு
மூண்டது – தொடங்கி வலுத்தது
முற்றுகை – சூழ்ந்து வளைத்தல்
அல்லலுற்றனர் – துன்பம் அடைந்தனர்
உயிர்நீத்தார் – இறந்தார்
கண்கூடாக – நேரடியாகக் கண்ணால்
எங்ஙனம் – எவ்வாறு
மலிந்த – மிகுந்த

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. கென்னடி மருத்துவ மையம் திறக்கப்பட்ட ஆண்டு
(அ) 1847 (ஆ) 1961 (இ) 1971 (ஈ) 2003

2. மவுண்ட் காபி நீர்மின் நிலையம் அமைந்துள்ள ஆறு
(அ) நைல் (ஆ) செயின்ட் பால் (இ) நைஜர் (ஈ) காங்கோ

3. 'தொடர்செலவு' என்பதற்குப் பொருந்துவது
(அ) அடிக்கல் (ஆ) கட்டடம் (இ) பெயர்ப்பலகை (ஈ) செவிலியர் ஊதியம்

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. லைபீரியாவின் தலைநகர் __________.
2. மகப்பேறு மருத்துவமனை அமைய உதவிய ஆசிய நாடு __________.
3. எபோலா நோயாளியுடன் பழகியவர்களை __________ நாள்கள் கண்காணித்தனர்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஒருமுறைச் செலவு, தொடர்செலவு: வேறுபடுத்துக.
2. எபோலா எவ்வாறு பரவுகிறது?
3. மக்கள் மருத்துவமனைக்குக் கசப்பான பெயரிட்டதன் காரணம் யாது?

ஈ. விரிவான விடை எழுதுக.

1. 'கட்டடம் வேறு, மருத்துவமனை வேறு' என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. எபோலாக் காலத்தில் மருத்துவமனைகள் மூடப்பட்டதால் நேர்ந்தவற்றை விளக்குக.

உ. சிந்தனை வினா

உங்கள் பள்ளிக்கு ஒருவர் பத்துக் கணினிகளை நன்கொடையாகத் தர முன்வருகிறார். ஏற்கும்முன் பள்ளி அவரிடம் கேட்க வேண்டிய மூன்று வினாக்களையும், பள்ளி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று வினாக்களையும் எழுதுக.

மொழிப்பயிற்சி

பெயரைக் கொண்டு முடியும் எச்சவினை பெயரெச்சம். (எ.கா.) இழந்த நம்பிக்கை.
வினையைக் கொண்டு முடியும் எச்சவினை வினையெச்சம். (எ.கா.) தேடிச் சென்றனர்.

கீழ்வருவனவற்றைப் பெயரெச்சம், வினையெச்சம் என வகைப்படுத்துக.

திறந்த கதவு, இணைந்து பணியாற்றினர், இடிந்த சுவர், வைத்துக் கழுவினர், பெற்ற உதவி, கட்டி முடித்தனர்

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் செவிலியர் அல்லது ஊழியர் ஒருவரை ஆசிரியரின் துணையுடன் சந்தியுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் அங்கு என்ன செய்வார்கள் என்று கேட்டறிந்து, பத்து வரிகளில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.